கீரியைப் பார்த்துப் பயந்தோம், மெலிந்தது அப்பு: கடைப் பூனைகள் இரண்டின் பத்து மாதக் குறிப்பு

கல்லிடைக்குறிச்சியில் எங்களுக்குப் பலசரக்குக் கடை. கடைக்குப் பின்னாலேயே வீடு. அரிசி மூட்டையும் பருப்பு மூட்டையும் கிடக்கிற இடத்தில் எலி வராமல் இருக்காது. அதனால் அப்பா காலத்திலிருந்தே பூனை உண்டு. இப்போது இரண்டு. பெரியது அப்பு. வெள்ளையில் கறுப்புத் திட்டுப் போட்ட கடுவன். 2014-ல் குட்டியாக வந்தது, ஒரு வயதிலேயே காயடித்தாயிற்று. சின்னது கீரி. சாம்பல் வரிப் பெட்டை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரை மீறி வந்ததே, அந்த வெள்ளம் வடிந்த பிறகு மோட்டார் ரூம் மூலையில் நனைந்த சாக்குக்குள் கிடந்த குட்டி. நீள உடம்பு, கூர் மூஞ்சி. என் மகள்தான் கீரி என்று பெயர் வைத்தாள்.

2025 பிப்ரவரியிலிருந்து நவம்பர் வரை இந்த இரண்டு பூனைகளுக்கும் நடந்ததை எழுதுகிறேன். தேதியும் எடையும் கடை நோட்டில் உள்ளபடி. நாங்கள் உண்மையாகவே கவலைப்பட்டோம், செலவும் செய்தோம். ஆனால் கவலைப்பட்டது ஒரு பூனைக்கு, நோய் இருந்தது இன்னொரு பூனைக்கு. அப்படி ஆனது எப்படி என்பதைத்தான் விவரமாகச் சொல்ல நினைக்கிறேன்.

வாடிக்கையாளர் சொன்ன புகார்

கீரி கடை வாசலில் வெல்ல டின்னுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது அதுதான். “என்ன அண்ணாச்சி, கடை நெறைய மூட்டை கெடக்கு, பூனை மட்டும் காஞ்ச கருவாடு மாதிரி கெடக்கே” என்று ஒருவர் சொல்வார். “அதுக்குச் சோறு போடுதீயளா இல்லியா?” என்று இன்னொருவர். ஒரு நாள் இரண்டு நாள் கேட்டால் சிரித்துவிட்டுப் போகலாம். பிப்ரவரி முழுக்கக் கேட்டபோது எனக்கு மனது சரியில்லை. வெள்ளத்தில் தப்பி வந்த உயிரை நம் வீட்டில் வைத்துப் பட்டினி போட்டுவிட்டோமோ என்று ராத்திரி யோசிப்பேன்.

கீரி நடக்கும்போது பக்கவாட்டில் விலா எலும்பு லேசாகத் தெரியும். இடுப்பு உள்வாங்கி இருக்கும். அப்பு அப்படி இல்லை. உருண்டை முகம், அடர்ந்த முடி, நடந்தால் இரண்டு பக்கமும் ஆடுகிற தொங்கு வயிறு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கிற யாருக்கும் எது இளைத்தது என்பதில் சந்தேகமே வராது. எங்களுக்கும் வரவில்லை.

முதலில் அம்மா பால் ஊற்ற ஆரம்பித்தாள். காலையும் சாயங்காலமும் அரை டம்ளர். நாலாம் நாள் கீரிக்கு வயிறு போக ஆரம்பித்தது. வளர்ந்த பூனைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் சக்தி குறைந்துவிடும் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. வயிற்றுப்போக்கில் இன்னும் ஒட்டிப்போனது. சரி, பால் வேண்டாம் என்று தயிர்ச்சோறு போட்டோம். அதை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.

அப்புறம் பூச்சி மருந்து. மார்ச்சில் ஒரு காலை, கீரி படுக்கிற கோணிச்சாக்கில் எள்ளு மாதிரி, வெள்ளரி விதை மாதிரி ஏதோ ஒட்டிக்கிடந்தது. ஒன்றிரண்டு லேசாக நெளிந்தன. மருந்துக் கடையில் கேட்டு நாக்குப்பூச்சிக்கான மருந்து வாங்கிக் கொடுத்தேன். இரண்டு வாரத்தில் மறுபடியும் எள்ளு. மறுபடியும் அதே மருந்து. டாக்டர் பிற்பாடு விளக்கினார்: எள்ளு மாதிரி விழுவது நாடாப்புழுவின் துண்டுகள். நான் வாங்கிய மருந்தில் இருந்தது பைரன்டெல், அது நாக்குப்பூச்சியையும் கொக்கிப்புழுவையும் கொல்லும், நாடாப்புழுவை ஒன்றும் செய்யாது. அதற்குப் பிராசிக்குவான்டல் வேண்டும். அதைக் கொடுத்தாலும் உடம்பில் தெள்ளுப்பூச்சி இருக்கிற வரைக்கும் திரும்பத் திரும்ப வரும். பூனை முடியை நக்கும்போது தெள்ளையும் சேர்த்து விழுங்குகிறது, அந்தத் தெள்ளுக்குள்தான் நாடாப்புழுவின் குஞ்சு இருக்கிறது. புழுவுக்கும் தெள்ளுக்கும் ஒரே நேரத்தில் மருந்து போட்ட பிறகுதான் நின்றது. தெள்ளு மருந்து வாங்கும்போது பூனைக்கு உள்ளதுதானா என்று பார்த்து வாங்க வேண்டும். நாய்க்கென்று விற்கிற சில சொட்டு மருந்துகளில் பெர்மெத்ரின் இருக்கும், அது பூனைக்கு விஷம்.

ஆக, பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதமும் கீரியைச் சுற்றியே போனது. மீன்காரர் கொண்டுவருகிற சாளையில் நல்ல துண்டெல்லாம் கீரிக்கு. அப்பு தட்டில் மீன் தலையை அப்படியே விட்டுவிட்டுப் போகும், அதையும் கீரி தின்னும். “வயசான மவராசன், ருசி பாத்துத் திங்கான்” என்று அம்மா சொன்னாள். எங்களுக்கும் அது செல்லமாகத்தான் பட்டது. பத்து வருஷம் மீன் தலையை மடமடவென்று கடித்த பூனை ஏன் திடீரென்று தலையை விடுகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

வெங்காயக் கூடையும் தராசும்

சித்திரை ஒன்றாம் தேதி கடையில் புதுக் கணக்கு போடுவோம். 2025 ஏப்ரல் 14 அன்று பூஜை முடிந்து தராசைத் துடைத்து வைத்திருந்தபோது என் மகள் கீரியைத் தூக்கி வெங்காயக் கூடைக்குள் வைத்துத் தராசில் ஏற்றிவிட்டாள். கூடையின் எடையை முதலில் கழித்துப் பூஜ்யம் ஆக்கிவிட்டு, அப்புறம் பூனை. 2 கிலோ 610 கிராம். விளையாட்டாக அப்புவையும் வைத்தாள். 4 கிலோ 180. புதுக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டு பத்தி போட்டு அவளே எழுதினாள்.

வீட்டில் பூனையை நிறுப்பவர்கள் மனிதர் ஏறுகிற எடை மிஷினில் தூக்கிக்கொண்டு ஏறி, தன் எடையைக் கழிப்பார்கள். அந்த மிஷின் 100 கிராம் கூடக் குறையக் காட்டும். 60 கிலோ ஆளுக்கு 100 கிராம் ஒன்றுமே இல்லை. நாலு கிலோ பூனைக்கு 100 கிராம் என்றால் ஒன்றரைக் கிலோ குறைந்த மனிதனுக்குச் சமம். எங்கள் தராசு ஐந்து கிராம் சுத்தமாகக் காட்டும், முத்திரை போட்டது. இதைப் படிப்பவர் வீட்டுப் பக்கத்தில் பலசரக்குக் கடையோ காய்கறிக் கடையோ இருந்தால், கூட்டம் இல்லாத மத்தியான நேரத்தில் கேட்டுப் பாருங்கள். ஒரு துணியை விரித்துப் பூனையைக் கூடையில் வைத்துக் கொடுத்தால் எந்த அண்ணாச்சியும் முடியாது என்று சொல்ல மாட்டார் என்றே நினைக்கிறேன்.

அதிலிருந்து இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை திங்கட்கிழமை காலையில், சாப்பாடு வைப்பதற்கு முன்னால் நிறுத்தோம். நோட்டில் உள்ளது:

ஏப்ரல் 14: கீரி 2.610, அப்பு 4.180
ஏப்ரல் 28: கீரி 2.640, அப்பு 4.120
மே 12: கீரி 2.520, அப்பு 4.015
ஜூன் 2: கீரி 2.615, அப்பு 3.940

இப்போது இதைப் பார்க்கிற யாருக்கும் தெரியும். ஒரு பத்தி ஏறி இறங்கி அதே இடத்துக்கு வந்திருக்கிறது. இன்னொரு பத்தி இறங்கிக்கொண்டே போயிருக்கிறது. நாங்கள் பார்த்தது மே 12-ல் கீரிக்குக் குறைந்த 120 கிராமை மட்டும்தான். அந்த வாரம் அது சரியாகச் சாப்பிடவில்லை, ராத்திரி முழுக்கக் கத்தியது, தரையில் உருண்டது. பருவத்துக்கு வந்திருந்தது என்பது புரிந்தாலும், நோயும் சேர்ந்து இருக்குமோ என்ற பயம் போகவில்லை. அப்பு குறைந்ததற்கு வெயில்தான் காரணம் என்று சொல்லிக்கொண்டோம். கத்திரி வெயிலில் மனிதனுக்கே சோறு இறங்காது, வயசான பூனைக்கு எப்படி இறங்கும்?

டாக்டர் கேட்ட ஒரு கேள்வி

ஜூன் 2-ம் தேதி கீரியைக் கூடையில் வைத்துக் கட்டி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி வழியாகப் பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோனேன். எங்கள் பக்கத்தில் மாட்டாஸ்பத்திரி இல்லாமல் இல்லை. ஆனால் பூனைக்கு ரத்தம் எடுத்துப் பார்க்க வசதியுள்ள இடம் வேண்டும் என்று நினைத்தேன். டாக்டரம்மா சின்ன வயது, பொறுமையானவர். கடைக்காரன் என்று தெரிந்ததும் அவரும் அண்ணாச்சி என்றே கூப்பிட்டார்.

கீரியை மேஜையில் நிற்க வைத்து, கண்ணால் பார்ப்பதை விட்டுவிட்டு இரண்டு கையாலும் தடவிப் பார்த்தார். அப்புறம் என் கையை வாங்கிக் காட்டினார். விரல்களை நீட்டி வைத்துக்கொண்டு புறங்கையில் முட்டி எலும்புகளின் மேல் தடவிப் பாருங்கள். எலும்பு கைக்குத் தட்டுப்படும், ஆனால் மேலே மெல்லிய சதை இருக்கும். பூனையின் விலா இப்படி இருந்தால் சரியான உடம்பு. கையை மூடி முஷ்டி பிடித்து அதே முட்டியைத் தடவினால் எலும்பு கூர்மையாக நிற்கும். விலா அப்படி இருந்தால் மெலிவு. உள்ளங்கைப் பக்கம் திருப்பி விரலடியை அழுத்தினால் எலும்பைத் தேட வேண்டியிருக்கும். அது கொழுப்பு. கால்நடை மருத்துவத்தில் இதை 1 முதல் 9 வரை மதிப்பெண்ணாகப் போடுகிறார்கள், 5 சரியான உடம்பு. கீரிக்கு 4 அல்லது 5 என்றார். நம் ஊர்ப் பூனைகளில் பெட்டை இரண்டரை, மூன்று கிலோவில் நிற்பது சாதாரணம். மேலிருந்து பார்த்தால் விலாவுக்குப் பின்னால் இடுப்பு லேசாக உள்ளே போவது குறையே இல்லை, அப்படித்தான் இருக்க வேண்டும். பல்லைப் பார்த்தார், ஈறு நிறம் பார்த்தார், நாடாப்புழுவுக்கு மருந்து எழுதினார். பருவம் வந்து வந்து போகிறவரை எடை இப்படி ஏறி இறங்கும், கருத்தடை செய்துவிடுங்கள் என்றார்.

எனக்கு நிம்மதி. எழுந்திருக்கப் போனேன். அப்போது அவர் கேட்டார், “இந்த எடையெல்லாம் எழுதி வச்சிருக்கேன்னு சொன்னீங்களே, அந்த நோட்டைக் காட்டுங்க.”

நோட்டைப் பார்த்தவர் கீரியின் பத்தியைத் தாண்டி அடுத்த பத்தியில் விரலை வைத்தார். “இது யாரு அண்ணாச்சி? வயசு என்ன?” சொன்னேன். “முன்னாடி எவ்வளவு இருந்தது?” தெரியவில்லை. தடுப்பூசி அட்டை இருக்கிறதா என்று கேட்டார். வீட்டுக்குப் போன் போட்டேன். என் மனைவி பீரோவில் தேடி எடுத்து வாசித்தாள்: 2023 ஆகஸ்டில் ரேபிஸ் ஊசி போட்ட அன்று எடை 4.9 கிலோ.

4.900-லிருந்து 3.940. ஐந்தில் ஒரு பங்கு உடம்பு போயிருக்கிறது. டாக்டரம்மா குரலை உயர்த்தவில்லை. “நீங்க கொண்டுவர வேண்டிய பூனையை வீட்டுல விட்டுட்டு வந்துட்டீங்க அண்ணாச்சி. நாளைக்கே கொண்டாங்க. காலையில எதுவும் கொடுக்காம, தண்ணி மட்டும் வச்சு.” முயற்சி எடுக்காமலே ஒரு பூனைக்கு 5 சதவீதம் குறைந்தால் கவனிக்க வேண்டும், 10 சதவீதம் குறைந்தால் காரணம் தெரிகிற வரைக்கும் விடக்கூடாது என்றார். சேரன்மகாதேவி வரும் வரைக்கும் பஸ்ஸில் எனக்கு வேறு நினைப்பே ஓடவில்லை.

எங்கள் கண்ணை மறைத்தவை

மறுநாள் அப்புவை மேஜையில் வைத்ததும் டாக்டர் முதலில் கை வைத்தது முதுகில். அவர் சொன்னபடி நானும் தடவினேன். தினமும் தடவிக்கொடுக்கிற முதுகுதான். அன்றைக்குத்தான் முடியை விலக்கி முள்ளந்தண்டில் விரலை வைத்தேன். சீப்புப் பல் மாதிரி ஒவ்வொன்றாக எண்ணலாம். தோள்பட்டை எலும்புக்கு மேலே குழி. நெற்றிப் பொட்டில் சதை இல்லை. கொழுப்பு வேறு, தசை வேறு, இரண்டுக்கும் தனித்தனியாக மதிப்பெண் போட வேண்டும் என்றார். வயசான பூனைக்குத் தசை முதுகில் கரையும்போது வயிறு அப்படியே தொங்கிக்கொண்டிருக்கும். அந்தத் தொங்கு வயிற்றைப் பெரும்பாலான பூனைகளுக்கு இயல்பாகவே உள்ள தோல் மடிப்பு என்றும் சொன்னார். நாங்கள் அதைத்தான் புஷ்டி என்று நினைத்திருந்தோம். முடியும் முதுகில் சடைபிடித்துக் கிடந்தது. உடம்பு வலிக்கிற பூனை முதுகை நக்குவதைக் குறைத்துவிடும். அந்தச் சடையும் எங்கள் கண்ணுக்கு அடர்த்தியாகவே தெரிந்திருக்கிறது.

தண்ணீர் எவ்வளவு குடிக்கிறது என்று கேட்டார். நன்றாகக் குடிக்கிறது என்றேன். மாசியிலிருந்தே மோட்டார் குழாயில் சொட்டுகிற தண்ணீரை நின்று நக்கும், அப்புறம் தொட்டிக்குப் போகும். கோடையாச்சே என்று விட்டுவிட்டோம். திருநெல்வேலிப் பக்கத்துக் கோடையில் தண்ணீர் அதிகம் குடிப்பதை யாரும் நோயாகப் பார்க்க மாட்டார்கள். ஆனால் அதே வெயிலில் கீரி அப்படிக் குடிக்கவில்லை. பக்கத்திலேயே ஒப்பிட ஒரு பூனை இருந்தும் ஒப்பிடவில்லை.

சிறுநீர் எவ்வளவு போகிறது என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதிலே இல்லை. அப்போது இரண்டு வீடு தள்ளிக் கட்டட வேலை நடந்துகொண்டிருந்தது, வாசலில் ஆற்று மணல் குவியல். இரண்டு பூனையும் அங்கேதான் போகும். வீட்டுக்குள் மணல் தட்டு வைத்து வளர்க்கிறவர்களுக்கு நனைந்த கட்டி பெரிதாவது கண்ணில் படும். வெளியே போய்வருகிற பூனை வளர்ப்பவர்களுக்கு அந்த முதல் அறிகுறி தெரியவே வழியில்லை. நம் ஊரில் அநேகம் பூனைகள் அப்படித்தான் வாழ்கின்றன. நான் படிக்கிற எல்லோரிடமும் அழுத்திச் சொல்ல விரும்புவது இந்த இடத்தைத்தான்: எட்டு வயது தாண்டிய பூனை வெளியே மணலுக்குப் போகிறது என்றால் தண்ணீரையும் எடையையும் நீங்கள்தான் கணக்கு வைக்க வேண்டும், வேறு வழி கிடையாது.

அப்புறம் வாயைத் திறந்து பார்த்தார். கீழ்த்தாடையில் ஒரு பக்கம், முன் கடைவாய்ப் பல்லின் அடியில் ஈறு சிவந்து பல்லுக்குள்ளேயே ஏறியிருந்தது. குச்சியால் லேசாகத் தொட்டதும் அப்புவின் தாடை நடுங்கியது. பூனைகளுக்கு வருகிற ஒரு வகைப் பல் அரிப்பு அது. நம் சொத்தைப் பல் மாதிரி வெளியிலிருந்து வருவதில்லை, பல்லை உடம்பே உள்ளிருந்து கரைக்கிறது. மீன் தலையை விட்டதற்குக் காரணம் அங்கே இருந்தது. ருசி பார்க்கிறான் என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்த அத்தனை நாளும் அது வலியோடு தட்டை விட்டு எழுந்து போயிருக்கிறது.

பரிசோதனையில் தெரிந்தது

உடம்புச் சூடு 101.4 டிகிரி பாரன்ஹீட், சரியாக இருந்தது. வயிற்றை அமுக்கியபோது சிறுநீரகங்கள் சின்னதாகக் கைக்குப் பட்டதாகச் சொன்னார். ரத்தமும் சிறுநீரும் எடுத்தார். ரத்தச் சர்க்கரை சரி. வயசான பூனை நன்றாகத் தின்றும் மெலிந்தால் சந்தேகிக்க வேண்டிய தைராய்டு அளவும் சரி. ரத்த அழுத்தம் மேல் எல்லைக்குக் கொஞ்சம் உள்ளே. சிறுநீரகம் ரத்தத்திலிருந்து வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் 2.5. சிறுநீரின் அடர்த்தி 1.016. நல்ல சிறுநீரகம் உள்ள பூனைக்கு 1.035-க்கு மேல் இருக்க வேண்டும், பூனை அவ்வளவு கெட்டியாகச் சிறுநீர் கழிக்கிற பிராணி. நாள்பட்ட சிறுநீரக நோய், நாலு நிலையில் இரண்டாம் நிலை என்று சொன்னார்.

இதில் நான் கற்றுக்கொண்ட இரண்டு விஷயம். சிறுநீரகத்தில் மூன்றில் இரண்டு பங்கு போன பிறகுதான் சிறுநீர் நீர்த்துப்போக ஆரம்பிக்கும், ஏறக்குறைய முக்கால் பங்கு போன பிறகுதான் கிரியாட்டினின் ஏறும். அப்படியென்றால் ரத்தத்தில் தெரிவதற்கு வெகு முன்னாலேயே நோய் வந்துவிடுகிறது. இரண்டாவது, கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. தசை கரைந்த பூனைக்கு அந்த எண் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். அதனால்தான் அவர் ரத்த அறிக்கையோடு நிறுத்தாமல் முதுகையும் தடவிப் பார்த்துச் சேர்த்து முடிவு செய்தார். ஒரு எண் நன்றாக இருக்கிறது என்று சும்மா இருந்துவிட முடியாது.

ஏன் மெலிந்தது என்பதற்கு இரண்டு காரணமும் சேர்ந்தே வேலை செய்திருக்கின்றன. சிறுநீரகம் கழிவை வெளியேற்ற முடியாமல் போனால் பூனைக்குக் குமட்டல் வரும். தட்டருகே வரும், முகரும், உதட்டை நக்கிவிட்டுத் திரும்பும். அப்பு இதைச் செய்து நான் பார்த்திருக்கிறேன். அதற்கு மேல் பல் வலி. அதற்கும் மேல் நாங்கள் வைத்த சாப்பாடு. பூனை மாமிசம் தின்றே வாழ வேண்டிய உயிர். சாப்பாட்டில் புரதம் குறைந்தால் நம் உடம்பு சிக்கனமாக்கிக்கொள்ளும், பூனையின் ஈரல் அப்படிச் சுருக்கிக்கொள்ளாது, தன் தசையையே எடுத்து எரிக்கும். நாலு கிலோ பூனைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 20 கிராம் புரதம் வேண்டும். 100 கிராம் சோற்றில் மூன்று கிராம்கூடக் கிடையாது. மீனை ஒதுக்கிவிட்டுக் குழம்புச் சோறு மட்டும் தின்ற பூனைக்கு வயிறு நிறைந்திருக்கும், முதுகு கரைந்திருக்கும்.

சிகிச்சை

முதலில் பல். சிறுநீரகம் கெட்ட பூனைக்கு மயக்க மருந்து கொடுக்கலாமா என்று பயந்தோம். முந்தின நாளிலிருந்தே நரம்பில் திரவம் ஏற்றி, ரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டே செய்வதாகச் சொன்னார். ஜூன் 19-ல் இரண்டு பல் எடுத்தார். வலிக்குச் சிறுநீரகத்தைப் பாதிக்காத மருந்து கொடுத்தார். வீட்டுக்கு வந்த மறுநாள் பக்கத்து வீட்டு அண்ணன் நல்லெண்ணத்தில், “கால் பாரசிட்டமால் பொடிச்சுக் கொடும், வலி நின்னுரும்” என்றார். டாக்டர் முன்னமே எச்சரித்திருந்தார். பூனையின் ஈரலால் பாரசிட்டமாலை உடைக்க முடியாது, சின்னத் துண்டு மாத்திரையே ரத்தத்தைக் கெடுத்து உயிரை எடுத்துவிடும். குழந்தைக்குக் கொடுக்கிற மருந்துதானே என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் டாக்டர் ஒரு வரிசை சொன்னார். முதலில் எதையாவது தின்ன வேண்டும். அடுத்து போதுமான அளவு தின்ன வேண்டும். அப்புறம்தான் எது சிறுநீரகத்துக்கு நல்லது என்ற பேச்சு. விசேஷ சாப்பாட்டை வைத்துப் பட்டினி கிடக்க விடுவது நோயைவிட மோசம். பூனை இரண்டு மூன்று நாள் சேர்ந்தாற்போல் சாப்பிடாவிட்டால் ஈரலில் கொழுப்பு போய் அடைத்துக்கொள்ளும். குண்டுப் பூனைக்கு அந்த ஆபத்து இன்னும் அதிகம். அதனால் ஒரு முழு நாள் எதையும் தொடாவிட்டாலே போன் பண்ணச் சொன்னார்.

முதல் பத்து நாள் முள்ளெடுத்து வேகவைத்த சாளையும் கோழி நெஞ்சுக்கறியும், உப்பில்லாமல், வெந்த தண்ணீரோடு மசித்து. குமட்டலுக்கு மாத்திரை. ஜூலை முதல் வாரத்திலிருந்து சிறுநீரகப் பூனைக்கான டின் சாப்பாட்டை ஒரு ஸ்பூன், இரண்டு ஸ்பூன் என்று கலந்து, நாலு வாரத்தில் முக்கால் பங்குக்குக் கொண்டுவந்தோம். அதில் பாஸ்பரஸ் குறைவு, அதுதான் முக்கியம் என்றார். கருவாடு அடியோடு நின்றது. எலும்பு, மீன் தலை நின்றது. விலை எங்களுக்குப் பாரம்தான். அதை மறைக்க வேண்டியதில்லை. கால் பங்கு வீட்டுக் கறி கலப்பதற்கு ருசி ஒரு காரணம், விலை ஒரு காரணம், டாக்டருக்கும் தெரிந்தேதான் செய்கிறோம். தண்ணீர்க் கிண்ணம் மூன்று இடத்தில். மோட்டார் குழாய்ச் சொட்டை நான் இன்னும் அடைக்கவில்லை, அப்புவுக்கு அது பிடிக்கும்.

பல் எடுத்த பிறகு எடை இன்னும் கொஞ்சம் இறங்கி, அப்புறம் திரும்பியது.

ஜூன் 23: 3.860
ஜூலை 14: 3.905
ஆகஸ்ட் 11: 3.990
செப்டம்பர் 15: 4.060
அக்டோபர் 20: 4.075
நவம்பர் 17: 4.070

ஆகஸ்டில் 3.990 காட்டியபோது என் மகள் நோட்டில் எழுதாமல் மறுபடியும் கூடையைக் கழித்து நிறுத்தாள். அதே எண். அம்மா கல்லாவில் உட்கார்ந்திருந்தவள் எழுந்து வந்து அப்புவின் நெற்றியில் திருநீறு பூசிவிட்டுப் போனாள்.

செப்டம்பரில் கிரியாட்டினின் 2.3, நவம்பரில் 2.4. குணமாகும் நோய் இல்லை இது. போன சிறுநீரகம் திரும்ப வராது. இருப்பதைக் காப்பாற்றுகிறோம், அவ்வளவுதான். 4.9 கிலோவும் திரும்ப வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாலு கிலோவில் நிறுத்தி வைத்தால் போதும் என்றார். பிப்ரவரியிலேயே கொண்டுபோயிருந்தால் கொஞ்சம் தசை மிச்சமிருந்திருக்கும். அந்த நாலு மாதத்தை நினைத்தால் இன்னும் வருத்தமாகத்தான் இருக்கிறது.

கீரிக்கு ஜூலையில் கருத்தடை ஆயிற்று. மீன் வேகவைத்தே கொடுக்கிறோம். பச்சை நெத்தோலியை அப்படியே போட்டுப் பழக்கினால் பி1 வைட்டமின் அழியும் என்று சொன்னதால் அதுவும் வெந்தே போகிறது. நவம்பரில் கீரி 2.980. “இப்பதான் பூனை மாதிரி இருக்கு” என்கிறார்கள் கடைக்கு வருகிறவர்கள். டாக்டர் அதற்குச் சந்தோஷப்படவில்லை. கருத்தடைக்குப் பிறகு பூனைக்குத் தேவை குறையும், இதே வேகத்தில் ஏறினால் அடுத்த வருஷம் குண்டுப் பூனையைக் கொண்டுவருவீர்கள், மூன்று கிலோவில் நிறுத்துங்கள் என்றார். கீரிக்கு இப்போது சாப்பாட்டைத் தராசில் நிறுத்துத்தான் வைக்கிறோம்.

பின்கட்டில் பழைய எண்ணெய் டின்னைப் பாதியாக வெட்டி, ஓரத்தை மடக்கி, மணல் நிரப்பி வைத்திருக்கிறோம். கட்டட வேலை முடிந்து அந்த மணல் குவியலும் போய்விட்டதால் அப்பு இதற்கே வருகிறது. காலையில் மணலைக் கிளறி நனைந்த இடத்தைப் பார்ப்பது என் வேலை. அடுத்த ரத்தப் பரிசோதனை பிப்ரவரியில். நேற்று திங்கட்கிழமை, நவம்பர் 24. அப்பு 4.065, கீரி 2.985. இரண்டு பத்தியும் நோட்டில் ஏறியாயிற்று.